பேட்ஜில் வந்த பூஜ்யம்

எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் நோயாளியின் மேசையை ஒட்டி நின்று வேலை செய்யும் ஒரு டெக்னீஷியனுக்கு, தொடர்ந்து மூன்று காலாண்டு கதிர்வீச்சு அளவு பூஜ்யம் என்று வந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருடம். ஆர்.எஸ்.ஓ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பட்டியலைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான் வந்தது. யாருக்கும் அளவு கூடவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்கு முந்தைய வருடம் அவருக்கு ஒவ்வொரு காலாண்டிலும் கொஞ்சமாவது பதிவாகியிருந்தது. இந்த வருடம் ஆஞ்சியோ எண்ணிக்கை கூடியிருக்கிறது. அப்புறம் எப்படிப் பூஜ்யம் வரும்?

பேட்ஜ் என்று நாங்கள் சொல்வது டிஎல்டி பேட்ஜ். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறிய அலுமினியத் தகடு, அதில் மூன்று வட்ட வில்லைகள். டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் தூளை டெஃப்லானில் சேர்த்துச் செய்தவை. கதிர்வீச்சு பட்டால் அந்த ஆற்றலின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கும்போது அதை ஒளியாக வெளிவிடும். ஒளி எவ்வளவோ அதற்கேற்ப அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜ்களைச் சேகரித்து அனுப்புவோம், பட்டியல் திரும்பி வரும். மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். ஏப்ரனைத் தாண்டி வருவதுதான் பதிவாகும் என்பதால் எண்கள் சிறியவைதான். ஆனாலும் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கிறவருக்கு, பதிவாகிக்கொண்டிருந்த அளவு திடீரென்று நின்றுபோனால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவர் வேலை செய்யவில்லை. இல்லையென்றால், அவருடைய பேட்ஜ் வேலை செய்யவில்லை.

நான் செய்த முதல் காரியம் ஒரு சர்க்குலர் எழுதியது. பேட்ஜ் அணியாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடுமையான வார்த்தைகளில் எழுதி எல்லாத் துறைக்கும் அனுப்பினேன். விதிமுறை என் பக்கம் இருந்தது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், அதன் கீழ் 2004-ல் வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என எல்லாவற்றையும் மேற்கோள் காட்டியிருந்தேன். அடுத்த நாளிலிருந்து நான் கேத் லேப் பக்கம் போனால் பேச்சு நின்றது. பேட்ஜ் எல்லோர் சட்டையிலும் இருந்தது. நான் வெளியே வந்ததும் லாக்கருக்குப் போனது.

என்னைப் பயிற்சிக் காலத்தில் வளர்த்த மூத்த இயற்பியலாளர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்று மேற்கு மாம்பலத்தில் இருந்தார். அவரிடம் போய்ப் புலம்பினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மனுஷனுக்கு அளவு கூட வந்தா என்ன ஆகும்னு நினைக்கிறாரு? அதைக் கேட்டியாம்மா?"

நான் கேட்டிருக்கவில்லை.

காலை ஏழு மணிக்கு, முதல் கேஸ் ஏறுவதற்கு முன்னால் கேத் லேப் ஆட்கள் கீழே டீக்கடையில் நிற்பார்கள். அடுத்த வாரம் நானும் போய் நின்றேன். பட்டியல், கோப்பு எதுவும் கையில் இல்லை. முதல் மூன்று நாள் பேட்ஜைப் பற்றிப் பேசவே இல்லை. நான்காவது நாள் அவரே ஆரம்பித்தார். "மேடம், ரீடிங் கூட வந்தா வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாத்திடுவாங்களாமே? இங்க நைட் கால் டூட்டி காசு வருது. ரெண்டு பசங்க படிக்கிறாங்க. அதான் லாக்கர்ல வெச்சிட்டுப் போயிடறேன்." மற்றவர்கள் குனிந்து டீயைக் குடித்தார்கள். அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது.

"அண்ணா, உங்களுக்குப் போன வருஷம் மொத்தம் வந்தது ரெண்டு மில்லிசீவர்ட்டுக்கும் கீழதான்" என்றேன். உடம்பில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகுதான் மில்லிசீவர்ட். இந்த வேலையில் இருக்கிறவருக்கு நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு, ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் இயற்கையாகவே உலக மக்களுக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. மோனசைட் மணல் கிடக்கும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை போன்ற இடங்களில் அது இன்னும் கூடுதல். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொன்னதில்லை. வருடக்கணக்காகப் பேட்ஜ் கொடுத்திருக்கிறோம், திரும்ப வாங்கியிருக்கிறோம். வந்த எண்ணை அவரிடம் காட்டியதே இல்லை. அந்தக் குற்றம் என் துறையுடையது, அப்போது என்னுடையதும்தான்.

அதற்கு அடுத்த காலாண்டில் எண்கள் கூடின. நிர்வாகத்தில் கேட்டார்கள். பேட்ஜ் இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது, யாரையும் இடம் மாற்றக் கூடாது, எண் கூடினால் முதலில் வேலை முறையைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தின் நகலைக் கேத் லேப் சுவரில் ஒட்டினேன். முதல் சர்க்குலரைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. கதிர்வீச்சை அந்த இடத்திலேயே காட்டும் சர்வே மீட்டரோடு ஒவ்வொரு கேஸிலும் மூலையில் நின்று பார்த்தேன். எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியில் இருக்கிறது. கதிர் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருவதுதான் அங்கே நிற்பவர்களுக்கு வரும் கதிர்வீச்சு. சிதறல் அதிகமாக இருப்பது கதிர் உடலுக்குள் நுழையும் பக்கத்தில். அதனால்தான் மேசைக்குக் கீழே தொங்கும் ஈயத் திரை அவ்வளவு முக்கியம். எங்கள் லேபில் துடைப்பதற்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். குழாயைத் தாங்கும் சி வடிவக் கையான சி-ஆர்மைப் பக்கவாட்டில் திருப்பும்போது குழாய் இருக்கும் பக்கம் நிற்காமல், படம் பிடிக்கும் தட்டு இருக்கும் பக்கம் நிற்பது நல்லது. இடமில்லை என்றால் ஓரடி பின்னால் போனாலும் போதும். அரை மீட்டரில் நிற்பவர் ஒரு மீட்டருக்கு நகர்ந்தால் அளவு கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும். டாக்டர் சினி ஓட்டும்போது, அதாவது எக்ஸ்ரே படத்தைப் பதிவு செய்யும்போது வரும் கதிர், திரையில் பார்க்க மட்டும் ஓட்டும் சாதாரண ஃப்ளோரோவைப் போலப் பத்து மடங்குகூட இருக்கலாம். அந்தச் சில நொடிகள் மட்டும் பின்வாங்கினாலே பெரிய வித்தியாசம்.

இதையெல்லாம் வகுப்பெடுத்துச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. மீட்டரை அந்த டெக்னீஷியன் கையில் கொடுத்து, "நீங்களே நின்னு பாருங்க அண்ணா" என்றதும் மாறியது. முள் ஏறுவதையும் ஒரு அடி தள்ளிப் போனால் இறங்குவதையும் அவரே பார்த்தார். ஈயத் திரையை அன்று மாலையே அவர்தான் திரும்ப மாட்டினார். டாக்டரிடம் "சார், சினிக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்கிற தைரியமும் அவருக்குத்தான் வந்தது. நான் கேட்டிருந்தால் அது ஒரு புகாராகப் போயிருக்கும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது படிப்பைப் பற்றி. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் விழுப்புரத்தில் பிஎஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சி மருத்துவ இயற்பியல் படித்தேன். எம்எஸ்சி இயற்பியல் முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது. எந்த வழியில் வந்தாலும் கதிரியக்கச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் ஒரு வருடம் பயிற்சி செய்தாக வேண்டும். பாதுகாப்பு அலுவலராவதற்குத் தனித் தேர்வு உண்டு. தேர்வில் தேறினாலும், நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் உங்கள் பெயரை முன்மொழிந்து வாரியம் ஒப்புதல் தந்தால்தான் அந்தப் பொறுப்பு உங்களுடையது. வேறு மருத்துவமனைக்கு மாறினால் அங்கே முதலிலிருந்து ஒப்புதல் வாங்க வேண்டும். பல பேருக்கு இது தெரியாமல் வேலை மாறும்போது திண்டாடுகிறார்கள். சேரும் கல்லூரியின் படிப்பு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். பயிற்சி இடம் தேடும்போது பெரிய பெயரைப் பார்க்க வேண்டாம். உங்களைக் கையால் அளக்க விடுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். சென்னையில் இந்தத் துறைக்கு வயது அதிகம். பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-லேயே வந்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் வந்தது. கற்றுக்கொடுக்க இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், தேடிப் போக வேண்டும்.

என் பயிற்சி, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் கோபால்ட் இயந்திரத்தில் தொடங்கியது. கோபால்ட் 60-இன் அரை ஆயுள், அதாவது வலு பாதியாகக் குறையும் காலம், 5.27 வருடம். மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் வலு குறையும், அதற்கேற்ப நோயாளி படுத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். நம் ஊரில் நோயாளிகள் இந்தச் சிகிச்சையைக் கரண்ட் வைப்பது என்பார்கள். சில வருடம் கழித்து மறுபடி சிகிச்சைக்கு வந்த பாட்டி ஒருவர், "போன தடவை சீக்கிரம் முடிஞ்சுதே கண்ணு, இப்ப ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நோய் முற்றிவிட்டது, அதனால்தான் கூடுதல் கரண்ட் என்று அவராகவே நினைத்து இரண்டு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறார். அடுப்பில் கரி அணைய அணையச் சோறு வேக நேரமாகும் இல்லையா பாட்டி, அதே மாதிரி என்று சொன்னேன். சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நேரம் மாறும்போதெல்லாம், கேட்காவிட்டாலும் நோயாளியிடம் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரக்குழந்தையைத் தூக்கலாமா என்று தயங்குகிறவர்களிடமும் சொல்கிறேன்: வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் அணைத்ததும் உடம்பில் எதுவும் தங்காது, தாராளமாகத் தூக்குங்கள்.

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடிப்பவர்கள் கதை வேறு. அந்த அயோடின் 131-க்கு எட்டு நாள் அரை ஆயுள். சில நாள் தனி அறையில் வைத்திருந்து, அளவு குறைந்ததும் வீட்டுக்கு அனுப்புவோம். அனுப்பும்போது ஒரு தாள் கொடுப்போம். தனி அறையில் படுங்கள், தனிக் கழிவறை பயன்படுத்துங்கள், குழந்தைகளிடமிருந்து தள்ளி இருங்கள் என்று அதில் இருக்கும். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு இளம் தாய் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்கு ஏதோ சந்தேகம். "வீட்ல எத்தனை ரூம்மா?" என்றேன். ஒன்று. அதில் கணவர், மாமியார், இரண்டு வயதுக் குழந்தை. கழிவறை நான்கு வீட்டுக்குப் பொது. நான் கேட்காமல் இருந்திருந்தால் தாளோடு போய், முடிந்ததைச் செய்திருப்பார். முடியாததை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அன்று சாயங்காலம்வரை போனில் பேசி, குழந்தையைத் திருவொற்றியூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குச் சில நாள் அனுப்ப ஏற்பாடு செய்தோம். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது என்று அந்த வீட்டுக்குத் தகுந்த மாதிரி வேறு தாள் எழுதினோம். இப்போது இந்தக் கேள்வியை மருந்து கொடுக்கும் தேதி குறிக்கும்போதே கேட்டுவிடுகிறோம். கடைசி நாளில் கேட்டால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

கர்ப்பத்தை மறைத்து வேலை செய்த நர்ஸ் ஒருவரும் இருந்தார். ஒப்பந்த வேலை, சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். விதி அவருக்குத் துணையாகத்தான் இருக்கிறது. தெரிவித்த பிறகு கருவுக்குச் சேரும் அளவு ஒரு மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். ஆனால் தெரிவித்தால்தானே. நான்காவது மாதம் என்னிடம் வந்து அழுதார். அவருடைய பழைய பேட்ஜ் பதிவுகளை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கவலைப்படும்படி எதுவும் இல்லை. குழந்தை நன்றாகப் பிறந்தது. சம்பளம் குறையாமல் வேறு வேலை தரப்படும் என்று எழுத்தில் வாங்குவதற்கு எனக்கு ஏழு மாதம் ஆனது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸிடமும் டெக்னீஷியனிடமும் உண்மையைச் சொல்லச் சொல்வதற்கு முன்னால், சொன்னால் அவர்களுக்கு நஷ்டம் வராதபடி நீங்கள் நிர்வாகத்தோடு பேசியிருக்க வேண்டும்.

என்னிடமே ஒரு உண்மை வந்து சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் லினாக் இயந்திரத்திலிருந்து வரும் கதிரின் அளவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அயனி அறை ஒன்றை வைத்து அளக்கிறோம். சின்ன விரல் அளவில் இருக்கும் அந்த அயனி அறைக்குள் இருப்பது காற்று. காற்றின் அடர்த்தி மாறினால் அளவு மாறும் என்பதால் அறையின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளந்து திருத்தம் போட வேண்டும். ஒரு சமயம் எங்கள் பாரோமீட்டர் பழுதாகி அளவுத் திருத்தத்துக்குப் போயிருந்தது. வானிலைச் செயலியில் வரும் அழுத்தத்தை எடுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, அதனால் பெரிய பிழை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அவளுக்கு நான் விளக்கவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் பெங்களூரிலிருந்து அவள் போன் செய்தாள். "அக்கா, அவுட்புட் பத்து பர்சென்ட் குறைவா வருது. ஏத்திடட்டுமா?" அழுத்தம் எதில் பார்த்தாய் என்றேன். செயலியில்தான். வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம், ஊர் எந்த உயரத்தில் இருந்தாலும் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. பெங்களூர் 900 மீட்டருக்கும் மேல். அங்கே உண்மையான அழுத்தம் சுமார் பத்து சதவீதம் குறைவு. இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. அவள் ஏற்றியிருந்தால் மறுநாளிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து சதவீதம் கூடுதலாகப் போயிருக்கும். பனாமாவில் 2000-ல், ஈயத் தடுப்புகளின் விவரங்களைக் கணினியில் உள்ளிட்ட முறையில் வந்த கோளாறால் 28 நோயாளிகள் கூடுதல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் பலர் இறந்தார்கள். அதைப் பாடமாகப் படித்துவிட்டுத்தான் நானும் வந்திருந்தேன்.

அவளைக் காப்பாற்றியது இரண்டு பழக்கம். போன மாத அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே மாதத்தில் பத்து சதவீதம் நகர்ந்தது எப்படி என்று சந்தேகப்பட்டாள். அடுத்தது, தனக்குத் தெரியவில்லை என்று போன் செய்தாள். அந்த ராத்திரி நான் அவளிடம், தப்பான வழியைக் காட்டியது நான்தான் என்று சொன்னேன். மறுநாள் என் துறையில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன். இப்போது பாரோமீட்டர் இல்லாத நாளில் எங்களிடம் அளவீடு கிடையாது. இன்னொருவர் தனியாக அளந்து அதே எண் வராமல் யாரும் இயந்திரத்தின் அளவைத் தொடக் கூடாது. சந்தேகம் வந்தால் சிகிச்சையை நிறுத்தலாம், எவ்வளவு கூட்டம் வெளியே உட்கார்ந்திருந்தாலும் சரி. நிறுத்தியவரைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் நன்றி சொல்ல வேண்டும் என்பதையும் அந்த நடைமுறைத் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. ராத்திரி பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கதிரியக்கப் பொருளை உடலுக்குள்ளேயே வைத்துச் சிகிச்சை தரும் பிராக்கிதெரபி அறையில், இரிடியம் 192 என்ற அந்தக் கதிரியக்கப் பொருள் அதன் பெட்டகத்துக்குள் இருந்தது. மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. உதவிக்கு வந்த ஆட்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். தண்ணீரில் கதிர் கலந்திருக்குமா என்று கேட்டார்கள். உலோகக் குப்பிக்குள் மூடி, பற்றவைத்து வைத்திருப்பது, தண்ணீர் பட்டுக் கரையாது என்று சொன்னேன். யாரும் நகரவில்லை. சர்வே மீட்டரைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நான் முதலில் இறங்கினேன். பின்னால் வந்தார்கள். அவசர நம்பர்கள் எல்லாம் என் போனில் இருந்தன, பெட்டகத்தின் மாற்றுச் சாவி அதே பேஸ்மென்ட் அலமாரியில் இருந்தது. இரண்டும் இப்போது காகிதத்திலும் மூன்றாவது மாடியிலும் இருக்கின்றன.

அந்த கேத் லேப் அண்ணாவுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. புதிதாகச் சேரும் பையன்களுக்கு மீட்டரைக் கையில் கொடுத்து நிற்க வைப்பது இப்போது அவர்தான். பேட்ஜை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டி டிக்கியில் போடாதே, சட்டையோடு சேர்த்துத் துவைக்காதே என்று திட்டுவதும் அவர்தான். இந்தக் காலாண்டுப் பட்டியல் நேற்று வந்தது. புதுப் பையன் ஒருவனுக்குப் பூஜ்யம் என்று இருக்கிறது. தள்ளி இருக்கும் கட்டுப்பாட்டுக் கன்சோலில் மட்டும்தான் நின்றானா, மேசைப் பக்கம் வந்தானா என்று தெரியவில்லை. நாளை காலை ஏழு மணிக்கு முன்னால் கீழே போனால் டீக்கடையில் பிடித்துவிடலாம்.